தீவனத்தில் கலந்த தடுப்பு மருந்து: மிசிசிப்பி கெளுத்திக் குளங்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

மீனுக்குத் தடுப்பு மருந்து என்றதும் பலரும் முதலில் கேட்பது, "அத்தனை மீனையும் பிடித்து ஊசி போட முடியுமா?" என்பதுதான். நார்வேயில் போடுகிறார்கள். சால்மன் குஞ்சுகளை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டு, வரிசையாக அனுப்பி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் எண்ணெய் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். பலன் கண்கூடு. 1987-இல் அந்த நாட்டு மீன் பண்ணைகளுக்குப் போன ஆன்டிபயாடிக் ஏறக்குறைய 50 டன். இன்று உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டியும் ஆன்டிபயாடிக் ஒரு டன்னுக்குக் கீழேதான் செலவாகிறது.

ஆனால் சால்மன் கணக்கு வேறு. ஒரு மீன் நாலைந்து கிலோ தேறும், நல்ல விலைக்குப் போகும், கடல் கூண்டுக்கு அனுப்பும் முன் எப்படியும் ஒருமுறை கையில் எடுத்தாக வேண்டும். குளத்து மீனுக்கு இது ஒத்துவராது. ஒரு கெளுத்தி விரலியின் (விரல் நீளக் குஞ்சு) விலை சில சென்ட். ஊசிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு மீனையே விழுங்கிவிடும். வலை போட்டு இழுத்து, நெருக்கி, தூக்கி, திரும்ப விடுவதற்குள் பாதி மீன் செதில் வெடித்துப் போகுமோ என்றால், கெளுத்திக்குச் செதில் இல்லை. தோலும் முள்ளும்தான் அடிபடும், அடிபட்ட இடத்தில் வேறு நோய் ஏறும்.

ஆகவே தீவனத்திலேயே மருந்தைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. இது புது எண்ணம் இல்லை. மீனுக்கான தடுப்பு மருந்து வரலாறே வாய்வழியில்தான் தொடங்குகிறது. 1942-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டஃப் என்பவர், கொப்புள நோய் உண்டாக்கும் பாக்டீரியாவைக் குளோரோஃபார்மில் கொன்று, தீவனத்தில் கலந்து, டிரவுட் மீன்களுக்கு வாரக்கணக்கில் ஊட்டினார். மருந்து தின்ற மீன்கள் மற்றவற்றைவிட நன்றாகவே பிழைத்தன. ஆனால் சல்ஃபா மருந்துகளும் பின்னாலேயே ஆன்டிபயாடிக்குகளும் வந்துவிட்டன. நோய் வந்தால் மருந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஆனபின் தடுப்பு மருந்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1976-இல் அமெரிக்காவில் முதன்முதலாக உரிமம் பெற்ற வணிக மீன் தடுப்பு மருந்து, மருந்து நீரில் மீனை முக்கி எடுக்கும் வகையைச் சேர்ந்தது. ஊசியும் முக்கலும் முன்னே போய்விட்டன, வாய்வழி பின்தங்கியது.

அது ஏன் பின்தங்கியது, எங்கே ஓரளவு முன்னேறியது என்பதைப் பார்க்க நல்ல இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா. இங்கே மருந்தின் கூர்மை பாதி வேலைதான் செய்தது. அதை எப்போது, யார் கையால், எந்த வண்டியில் குளத்துக்குள் கொண்டுபோவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் மீதிப் பாதி. என் கணிப்பில் பெரிய பாதி.

டெல்டாவும் அதன் நோயும்

மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான களிமண் பூமி டெல்டா. பருத்திக்குப் பெயர்போன இடம். 1960-களிலிருந்து வயலைச் சுற்றிக் கரை கட்டி, நிலத்தடி நீர் இறைத்து, கெளுத்திக் குளமாக்கினார்கள். பெல்சோனி என்ற சின்ன ஊர் தன்னை உலகின் கெளுத்தித் தலைநகர் என்றே சொல்லிக்கொள்ளும். 2003-இல் தொழில் உச்சத்தில் இருந்தபோது நாடு முழுக்கப் பதப்படுத்திய கெளுத்தி சுமார் 66 கோடி பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3 லட்சம் டன். அப்புறம் தீவன விலை ஏறியது, வியட்நாம் மீன் வந்து இறங்கியது, குளங்கள் பல மறுபடி சோயா வயலாயின. இருந்தாலும் இன்றும் அமெரிக்காவின் பெரிய குளத்து மீன் தொழில் இதுதான். வளர்ப்பது சேனல் கெளுத்தி. இப்போது அதைவிட அதிகமாக, பெண் சேனல் கெளுத்தியையும் ஆண் நீலக் கெளுத்தியையும் சேர்த்த கலப்பினம்.

1976-இல் அலபாமா, ஜார்ஜியா பண்ணைகளில் அதுவரை கண்டிராத ஒரு நோயில் மீன்கள் செத்தன. ஜான் ஹாக் என்ற ஆய்வாளர் அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து 1979-இல் விவரித்தார். 1981-இல் அதற்கு எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்று பெயர் வைத்தார்கள். நோய்க்குப் பெயர் இஎஸ்சி. குடல் வழியாக நுழைந்து ரத்தம் முழுக்கப் பரவும் தொற்று.

குளக்கரையில் நின்றால் இதைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். மீன் வால் கீழே தொங்க, தலையை மேலே நீட்டியபடி நீரில் நட்டுவைத்தாற்போல நிற்கும். திடீரென்று வட்டமடித்துச் சுழலும், மறுபடி அசையாமல் நிற்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தாடைக்கு அடியிலும் வயிற்றிலும் ஊசியால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். வயிறு உப்பியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும். சில மீன்களில் நோய் மெதுவாகப் போகும்: மூக்குக் குழி வழியாக மூளைக்கு ஏறி, மண்டை ஓட்டையும் தோலையும் தின்று, இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு ஓட்டை விழும். டெல்டாவில் பண்ணையாட்கள் இதை 'மண்டை ஓட்டை நோய்' என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு வசதியான வெப்பநிலை உண்டு. தண்ணீர் ஏறக்குறைய 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போதுதான் ஆட்டம். டெல்டாவில் அது வசந்தத்தில் சில வாரம், இலையுதிர் காலத்தில் சில வாரம். நடுக்கோடையில் குளம் 30-ஐத் தாண்டிவிடும், நோயும் அடங்கிவிடும். ஆகவே மே, ஜூனில் பிறந்த குஞ்சு கோடை முழுக்க நன்றாக வளர்ந்து, செப்டம்பரில் நீர் குளிரத் தொடங்கும்போது முதல்முறையாக இந்த நோயைச் சந்திக்கிறது. சாவு அதிகம் விழுவது அப்போதுதான். பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அடுத்த ஆண்டு அதே நோய் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வந்து போனால் உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது என்றால், தடுப்பு மருந்துக்கு வழி இருக்கிறது என்று பொருள்.

இழப்பை எண்ணுவதுகூட எளிதல்ல. விரலிக் குளத்தில் செத்த மீன் விரல் நீளம்தான். நாரையும் கொக்கும் தூக்கிப் போகும், ஆமை தின்னும், மிச்சம் அழுகிக் கரைந்துவிடும். அறுவடை வலை இழுக்கும் நாளில்தான் பண்ணையாருக்கு உண்மை தெரியும்.

தீவனத்தை நிறுத்துவது என்ற வைத்தியம்

நோய் தலைகாட்டினால் பண்ணையாருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆன்டிபயாடிக் கலந்த தீவனம். சல்ஃபா வகையைச் சேர்ந்த ரோமெட் 1980-களிலிருந்தே கிடைத்தது. ஃபுளோர்ஃபெனிகால் கலந்த அக்வாஃபுளோர் 2005-இல் இதே நோய்க்கென அனுமதி பெற்றது. இதில் உள்ள சிக்கல், நோய் கண்ட மீன் சாப்பிடுவதை நிறுத்திவிடும் என்பது. மருந்துத் தீவனத்தைத் தின்பது இன்னும் நோய் முற்றாத மீன்தான்.

இரண்டாவது வழி, தீவனத்தையே நிறுத்துவது, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோன்வில் ஆய்வு மையத்தில் டேவிட் வைஸ் ஒரு சக ஆய்வாளருடன் செய்து 1998-இல் வெளியிட்ட சோதனை, நோய்க் காலத்தில் தீவனத்தைக் குறைத்தால் சாவும் குறைகிறது என்று காட்டியது. காரணம் எளிது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து தீவனத்தை அள்ளும்போது நீரையும் நீரிலுள்ள பாக்டீரியாவையும் சேர்த்து விழுங்குகிறது. தீவனம் போடாவிட்டால் அந்தக் கூட்டமும் இல்லை, விழுங்கலும் இல்லை.

சாவு குறையும், சரி. வளர்ச்சியும் நின்றுவிடுமே! செப்டம்பர், அக்டோபர் என்பது குளிருக்கு முன் விரலி எடை போடும் கடைசிப் பருவம். அந்த வாரங்களில் பட்டினி போட்டால், அடுத்த ஆண்டு வளர்ப்புக் குளத்துக்குப் போகும் மீன் சின்னதாகப் போகும். சின்ன மீன் சந்தை எடைக்கு வர இன்னும் பல வாரம் ஆகும். ஆக, இஎஸ்சியால் ஏற்படும் நஷ்டத்தில் செத்த மீன் ஒரு பகுதி. போடாமல் விட்ட தீவனம் இன்னொரு பகுதி. இந்த இரண்டாம் பகுதியை நோய்க் கணக்கில் பலரும் எழுதுவதில்லை.

முதல் மருந்து வேலை செய்தது, குளத்தில் அல்ல

தடுப்பு மருந்து முன்பே இருந்தது. அலபாமாவின் ஆபர்ன் நகரிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் கிளீஷியஸ், ஷூமேக்கர் ஆகியோர் ஆர்இ-33 என்ற வீரியம் குறைந்த உயிர் பாக்டீரியாவை உருவாக்கினார்கள். அது அக்வாவேக்-இஎஸ்சி என்ற பெயரில் 2000-ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. மருந்து நீரில் குஞ்சுகளை முக்கி எடுக்க வேண்டும். ஆய்வகத் தொட்டிகளில் நல்ல பாதுகாப்புத் தந்தது.

குளத்தில் ஏன் எடுபடவில்லை? காலண்டரைப் பார்த்தால் புரியும். கெளுத்திக் குஞ்சு பொரிப்பகத்தில் இருப்பது ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் மஞ்சள்கருப் பையிலுள்ள உணவு தீர்ந்து நீந்தத் தொடங்கியிருக்கும். அந்த நிலையிலேயே விரலிக் குளத்தில், ஏக்கருக்கு லட்சக் கணக்கில், இருப்பு வைத்துவிடுவார்கள். அப்புறம் அடுத்த ஐந்தாறு மாதத்துக்கு மனிதர் கை அதன்மேல் படாது. ஆகவே முக்கி எடுக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு, பொரித்த ஏழு முதல் பத்து நாளுக்குள். அந்த வயதில் குஞ்சின் நோய் எதிர்ப்பு மண்டலம் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. பாக்டீரியாவைக் காட்டினாலும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் பிந்தைய வாரங்களில்தான் வருகிறது. படிக்கத் தெரியாத வயதில் பாடம் எடுத்தாயிற்று. பரீட்சை நாலு மாதம் கழித்து.

நல்ல மருந்துதான், கொடுக்க வேண்டிய நேரத்தில் மீன் கைக்கு எட்டாத தூரத்தில், நீருக்கடியில் இருந்தது. பலன் ஆண்டுக்கு ஆண்டு, குளத்துக்குக் குளம் மாறியதால் பெரும்பாலான பண்ணையார்கள் அதைத் தொடரவில்லை.

கோடையில் குளத்து மீனைக் கரைக்கு வரவைக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: தீவனம்.

வாய்வழியில் என்ன தடை

சுலபமாகச் சொல்லிவிட்டேன். வாய் வழியாகப் போகும் எதற்கும் இரைப்பை என்ற காவல் இருக்கிறது. கெளுத்தி, திலாப்பியா, சால்மன் எல்லாம் அமிலம் சுரக்கும் இரைப்பை உள்ள மீன்கள். செத்த பாக்டீரியாவையோ அதன் புரதத்தையோ தீவனத்தில் கலந்து கொடுத்தால், மீனுக்கு அது இன்னொரு கவளம் புரதம், செரித்துவிடும். நோய் எதிர்ப்பைத் தூண்ட வேண்டிய பொருள் உருக்குலையாமல் குடலின் பின்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் பெரிய மூலக்கூறுகளை அப்படியே உறிஞ்சும் செல்கள் இருக்கின்றன என்று 1980-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கெண்டை மீனில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இதற்காக மருந்தை ஆல்ஜினேட், கைட்டோசன் போன்ற பொருள்களில் பொதிந்து அனுப்பும் முயற்சிகள் உலகெங்கும் நடக்கின்றன. சிலியில் சால்மனுக்குப் பொதிந்த வாய்வழி மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் பாதுகாப்பு ஊசியால் வர, அதை மீண்டும் தூண்டிவிடத்தான் பெரும்பாலும் வாய்வழி. பொதிவதற்குச் செலவு, மருந்தின் அளவும் அதிகம் வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே பொருளைத் தினமும் ஊட்டிக்கொண்டே இருந்தால் உடல் அதைப் பகையாகப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சாப்பாடாகப் பார்க்கத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. இதைத் தாண்டிய நல்ல முடிவுகள் ஆய்வகத்தில் நிறைய, பண்ணையில் கொஞ்சம்.

இஎஸ்சி விஷயத்தில் செத்த பாக்டீரியா மருந்துகள் 1980-களிலிருந்தே முயலப்பட்டன. முடிவுகள் ஒருநாள் நல்லது, ஒருநாள் இல்லை என்ற கதை. இந்தப் பாக்டீரியா மீனின் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகக்கூடியது. வெளியே சுற்றும் எதிர்ப்புப் புரதம் மட்டும் போதாது. செல்கள் சண்டைக்கு வர வேண்டும். அதற்கு உயிருள்ள மருந்து தேவைப்படுகிறது.

நல்ல வேளையாக, பாக்டீரியாவே வழி காட்டியிருந்தது. இதன் இயல்பான நுழைவாயில்களில் ஒன்று குடல்தான். இரைப்பை வழியாகக் கொடுத்த கால் மணி நேரத்திலேயே இது சிறுநீரகத்தை எட்டிவிட்டதை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இரைப்பையின் அமிலத்தைத் தாங்கும் திறன் அதனிடமே இருக்கிறது. விஞ்ஞானி பொதிந்து அனுப்ப வேண்டிய உறையை இயற்கையே கொடுத்திருந்தது. வீரியத்தைக் குறைத்தால் போதும். மனிதருக்குப் போலியோ சொட்டு மருந்து போன அதே வழி: நோய்க்கிருமி குடல் வழியாக வருகிறதா, அதன் சாதுவான தம்பியையும் அதே வழியில் அனுப்பு.

ஸ்டோன்வில் மருந்து

வைஸும் டெரன்ஸ் கிரீன்வேயும் அவர்களுடைய குழுவும் எடுத்துக்கொண்டது எஸ்97-773 என்ற வீரியமுள்ள இக்டலூரி. அதை ரிஃபாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் அளவைப் படிப்படியாகக் கூட்டிய ஊடகங்களில் திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். தாக்குப்பிடித்து வந்ததில் நோய் உண்டாக்கும் வேகம் போய்விட்டது, குடலில் நுழைந்து உடலை உசுப்பும் திறன் மிச்சமிருந்தது. அதற்கு 340எக்ஸ்2 என்று பெயர். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் குடும்பத்துக்கு எதிர்ப்புள்ள பாக்டீரியாவைக் குளத்தில் விடலாமா என்று ஒரு வாசகர் கேட்டால் நியாயம்தான். இவ்வகை எதிர்ப்பு பாக்டீரியாவின் சொந்தக் குரோமோசோமில் ஏற்படும் மாற்றம். வேறு பாக்டீரியாவுக்குக் கைமாறும் பிளாஸ்மிடில் இருப்பதல்ல. அதனால் கவலை குறைவு. இருந்தாலும் உயிர் மருந்து என்றால், அது மீனிலிருந்து மீனுக்குப் போகும்போது பழைய வீரியத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மருந்தைத் தீவனத்தோடு கலந்து ஒரே ஒரு வேளை ஊட்டி, பிறகு நோய்க் கிருமியைக் காட்டிச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான முடிவுகளில், மருந்து தின்ற மீன்களின் பிழைப்பு, தின்னாத மீன்களோடு ஒப்பிட, மிக உயரத்தில் இருந்தது. மருந்து இல்லாவிட்டால் செத்திருக்க வேண்டிய பத்து மீனில் எட்டுக்கு மேல் காப்பாற்றப்பட்டன என்று கொள்ளலாம். வாய்வழி மருந்துக்கு இது அசாதாரணமான எண். ஆனால் டெல்டா பண்ணையார்கள் ஆய்வக எண்ணைக் கேட்டு அலுத்துப் போனவர்கள். முந்தைய மருந்துக்கும் நல்ல எண் இருந்தது.

வேறுபாடு குளக்கரையில் இருந்தது. கெளுத்திக் குளத்தில் தீவனம் போடுவது டிராக்டர் இழுக்கும் தீவன வண்டி. கரையோரமாக மெல்லப் போய்க்கொண்டே, ஊதுகுழாய் வழியாக மிதவைத் தீவனத்தை நீரின் மேல் விசிறும். குஞ்சு இருப்பு வைத்து முதல் சில வாரம் விரலிக் குளத்தில் ஒன்றுமே தெரியாது. குஞ்சு கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளைத் தின்று வளரும். மூன்று, நான்கு வாரம் கழித்துத்தான் தீவனத்துக்கு மேலே வரத் தொடங்கும். அப்படி வரும் மீன் அளவில் சின்னதானாலும் நோய் எதிர்ப்பில் ஓரளவு முதிர்ந்தது. தீவனத்துக்கு மேலே வருவதே "நான் தயார்" என்று மீன் கொடுக்கும் சமிக்ஞை. பண்ணையார் வயதைக் கணக்கிட வேண்டியதில்லை.

சிக்கல் தீவன உருண்டையில். ஆலையில் தீவனம் செய்யும்போது நீராவியும் அழுத்தமும் சேர்ந்து அதில் எந்த உயிருள்ள பாக்டீரியாவும் மிஞ்சாது. எனவே ஆலையில் கலந்து மூட்டை கட்டி அனுப்ப முடியாது. மருந்தைத் தனியே உறைநிலையில் வைத்திருந்து, குளக்கரையில் இளக்கி, நீர் விட்டுக் கரைத்து, உலர்ந்த உருண்டைமேல் படச் செய்து, உடனே குளத்தில் வீச வேண்டும். உருண்டை ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகும். அதிகம் ஊறினால் நொறுங்கிக் குழாயில் அடைக்கும். குறைந்தால் மருந்து சீராகப் படாது. நீரில் விழுந்ததும் மேலிருக்கும் மருந்து கரையத் தொடங்கும். மீன் சில நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும். இதற்காகவே ஸ்டோன்வில் குழு, கலப்பதையும் வீசுவதையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் கருவி அமைத்தது. மருந்து எவ்வளவு முக்கியமோ, இந்த வண்டி அவ்வளவு முக்கியம். ஊசி மருந்தைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது, சிரிஞ்சைக் கண்டுபிடித்தவருக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

ஒரு குளத்தில் லட்சக்கணக்கான மீன். எல்லாம் சமமாகவா தின்னும்? இல்லை. பெரியது முன்னே வந்து அள்ளும், நோஞ்சான் பின்னால் நிற்கும். ஆனாலும் பெரும்பாலானவை மருந்து பெற்றுவிட்டால் குளத்தில் கிருமியின் சுமையே குறைகிறது; தின்னாத மீனுக்கும் அதில் பங்கு கிடைக்கும். இது ஊசியில் கிடைக்கும் துல்லியம் இல்லை. குளத்து விவசாயத்துக்கு இந்த அளவே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குளங்களில் கண்டது

அடுத்த கட்டம் வணிகப் பண்ணைகள். ஒரே பண்ணையில் மருந்து கொடுத்த குளங்கள், கொடுக்காத குளங்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குளத்துச் சோதனை ஆய்வகச் சோதனைபோல நல்லபிள்ளையாக நடக்காது. ஒரு குளத்தில் பறவை அதிகம், ஒன்றில் பாசி அதிகம், ஓர் ஆண்டு நோயே வராமல் போய்விடும். அதனால்தான் ஒரு பருவம், ஒரு பண்ணை என்று நிறுத்தாமல் பல குளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மருந்து பெற்ற குளங்களில் பிழைப்பு கூடியது, அறுவடை எடை கூடியது, தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ மீனுக்கு ஆகும் தீவனம்) சீரானது. இவற்றோடு, போட்ட மொத்தத் தீவனமும் கூடியது. செலவு கூடியதே என்று நினைக்க வேண்டாம். இதுதான் நல்ல செய்தி. இலையுதிர் காலத்தில் நோய் பயத்தில் தீவனத்தை நிறுத்தியது போய், தினமும் போட முடிந்தது என்று அதற்குப் பொருள். முன்னே சொன்ன அந்த இரண்டாம் நஷ்டம், எழுதாமல் விட்ட நஷ்டம், இங்கேதான் திரும்பக் கிடைக்கிறது. தடுப்பு மருந்தின் பலனைச் செத்த மீனை எண்ணி மட்டும் பார்த்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால், எந்த மீன் தடுப்பு மருந்துக்கும் பொருளாதாரக் கணக்கு போடும்போது "எத்தனை நாள் தீவனம் போட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்.

கலப்பினக் கெளுத்தியிலும் இந்த மருந்து வேலை செய்தது. அங்கே வேறு தலைவலி உண்டு. எட்வர்ட்சியெல்லா பிசிசிடா என்ற இன்னொரு பாக்டீரியா. 2013 வரை அதை எட்வர்ட்சியெல்லா டார்டா என்ற பழைய பெயருக்குள்ளேயே அடக்கி வைத்திருந்தார்கள். கலப்பினம் பெருகப் பெருக இதன் தொல்லையும் அதிகமாகத் தெரிந்தது. 340எக்ஸ்2 மருந்து இதற்கு எதிராகவும் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. எதிர்பாராத கூடுதல் வரவு.

கைக்கு எட்டாதவை

இதே விரலிக் குளத்தில் சாவுக்கு இன்னொரு பெரிய காரணமான காலம்னாரிஸ் நோயை இந்த மருந்து தடுக்காது. 2009-இல் மேற்கு அலபாமாவில் கிளம்பிய வீரியமிக்க ஏரோமோனஸ் ஹைட்ரோஃபிலா கோடையில், சந்தைக்குத் தயாரான பெரிய மீன்களையே கொத்துக் கொத்தாகச் சாய்க்கிறது. அது வேறு பருவம், வேறு குளம், வேறு கிருமி. நாளை ஒருவர் ஏரோமோனஸுக்கும் தீவன மருந்து செய்யலாம். ஆனால் அந்தக் கிருமி இக்டலூரிபோல இரைப்பையைத் தாண்டுமா, வீரியம் குறைத்தபின் குடலில் உடலை உசுப்புமா என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு கிருமியில் கிடைத்த வெற்றியை இன்னொன்றுக்குக் கடன் வாங்க முடியாது.

உறைநிலைச் சங்கிலியும் இருக்கிறது. ஸ்டோன்வில்லிலிருந்து டெல்டாவின் எந்தப் பண்ணைக்கும் சில மணி நேரத்தில் போய்விடலாம். மருந்து உறைந்தபடி வந்து, அன்றே கலந்து, அன்றே வீசப்படும். பண்ணைகள் அருகருகே நெருங்கி, ஆய்வு மையம் நடுவில் இருப்பது பெரிய சலுகை. உயிர் மருந்துக்கு வணிக உரிமம் கொடுப்பது அமெரிக்க வேளாண் துறை. கெளுத்தி போன்ற சின்னச் சந்தைக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த மருந்து நிறுவனமும் பெரிதாக அவசரப்படாது. பொதுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகம் ஒன்று நோய், மருந்து, வண்டி, பொருளாதாரம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்த்ததால்தான் இந்த அளவுக்காவது வந்தது.

வியட்நாமின் மீகாங் டெல்டாவில் இதே இக்டலூரிதான் பங்காசியஸ் மீனின் ஈரல், சிறுநீரகம், மண்ணீரலில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் நோயை உண்டாக்குகிறது. அங்கே 2013-இல் உரிமம் பெற்ற மருந்து ஊசி வகை. கூலி மலிவு, ஆட்கள் வரிசையில் உட்கார்ந்து கையால் ஊசி போட முடிகிறது. ஒரே கிருமி, இரண்டு நாடு, இரண்டு வழி. கூலிக் கணக்குதான் பாதையைத் தீர்மானித்தது.

இந்தியாவில், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் கொடுவா மீனின் நோடா வைரஸ் நோய்க்கு உள்நாட்டுத் தடுப்பு மருந்து உருவாக்கியிருக்கிறது, அதுவும் ஊசிதான். சினைமீனுக்குப் போட்டுக் குஞ்சுக்கு நோய் கடத்தாமல் தடுக்க அது பொருந்தும். குளத்துக்குள் லட்சக் கணக்கில் இருக்கும் விரலிக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் டெல்டா காட்டிய கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆந்திரத்தின் கெண்டைக் குளங்களில் தவிட்டையும் பிண்ணாக்கையும் ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் கம்பில் தொங்கவிடுகிறார்கள்; மீன் வந்து சாக்கை முட்டி முட்டி மணிக்கணக்கில் தின்னும். அந்தச் சாக்கில் உயிர் மருந்தைக் கலந்தால், மீன் வாய்க்குப் போவதைவிடக் குளத்தில் கரைவதுதான் அதிகம். கெண்டைக்கு அமில இரைப்பை இல்லை என்ற அனுகூலம் ஒருபக்கம், சாக்கு மறுபக்கம். மிதவைத் தீவனம் போடும் பங்காசியஸ் குளங்களில் நிலைமை வேறு. அங்கே மீன் சில நிமிடத்தில் மேலே வந்து தின்றுவிடும். முதல் சோதனையை அங்கே வைப்பதுதான் பொருத்தம்.